உயிர்ப்பின்னூட்டமும் உளநெருக்கீடும்

கையை உயர்த்த எண்ணியவுடன் உயர்த்துகின்றோம். இதயத்தை மெதுவாகத் துடிக்குமாறு பணித்தால் அது பணிவதில்லை. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே உடற்றொழிலியலாளர் நெடுங்காலமாக நரம்புத்தொகுதியை இரு கூறாகப் பிரித்து நோக்கி வந்தனர். எலும்புத் தசைகளை இயக்கும் பகுதி இச்சைக்கு உட்பட்டதெனவும், இதயம், குருதிக்கலன்கள், குடல், வியர்வைச் சுரப்பிகள் ஆகியவற்றை ஆளும் தன்னாட்சி நரம்புத்தொகுதி இச்சைக்கு அப்பாற்பட்டதெனவும் கொள்ளப்பட்டது. இப்பிரிவினை முற்றிலும் பொருந்துமா என்னும் வினாவே உயிர்ப்பின்னூட்ட மருத்துவம் வளரப் பெரிதும் துணைநின்றது. அதனால் இயல்வது எது, இயலாதது எது என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

ஒரு தொகுதியின் செயல் விளைவு பற்றிய செய்தி அத்தொகுதிக்கே மீண்டு சென்று, அதன் அடுத்த செயலைத் திருத்துவது பின்னூட்டம் எனப்படும். இது இயந்திரங்களுக்கும் உயிர்களுக்கும் பொதுவானதென்பதை நோபேட் வீனர் 1948இல் வெளியிட்ட 'சைபர்நெற்றிக்ஸ்' என்னும் நூலில் விளக்கினார். சைக்கிள் ஓட்டப் பழகும் சிறுவன் தான் சாய்வதை உணர்வதனாலேயே நிமிரக் கற்கின்றான். அவனுடைய கண்ணும் உட்செவியும் அச்சாய்வை உடனுக்குடன் அறிவிக்கின்றன. ஆனால் நெற்றித்தசை எவ்வளவு இறுகியுள்ளது, விரல்நுனியிற் குருதி எவ்வளவு பாய்கின்றது என்பவற்றை அவ்வாறு துல்லியமாக அறிவிக்கும் புலன் நமக்கு இல்லை. அக்குறையைக் கருவியொன்றினால் நிரப்புவதே உயிர்ப்பின்னூட்டமாகும்.

இதற்கும் உளநெருக்கீட்டிற்கும் உள்ள தொடர்பு யாது? ஆபத்தை எதிர்கொள்ளும் உயிர் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தமாகின்றது என்பதை வால்ரர் கனன் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்துக்காட்டினார். அவ்வேளை பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன, இதயம் விரைந்து துடிக்கின்றது, தோலின் குருதிக்கலன்கள் சுருங்கக் கை குளிர்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, தசைகள் இறுகுகின்றன. நெருக்கீடு நீடிப்பின் உடல் நலிவுறும் என்பதை ஹான்ஸ் செல்யே 1936 முதல் வெளியிட்ட ஆய்வுகளில் விளக்கினார். காட்டில் எதிர்ப்பட்ட புலி சில கணங்களில் விலகிவிடும். பரீட்சையும் கடனும் வழக்கும் மாதக்கணக்கில் விலகுவதில்லை. உடலோ இரண்டிற்கும் ஏறக்குறைய ஒரே விதமாகவே ஆயத்தமாகின்றது.

சிகிச்சை நடைபெறும் முறை எளியது. நோயாளி சாய்கதிரையில் அமர்கின்றார். அவரது நெற்றியில் ஒட்டப்பட்ட மின்வாய்கள் தசையில் எழும் நுண்ணிய மின்மாற்றங்களை உணர்கின்றன. கருவி அவற்றை ஒலியாக மாற்றுகின்றது. தசை இறுகின் ஒலி உயரும், தளரின் தாழும். ஒலியைத் தாழ்த்துமாறு நோயாளியிடம் கூறப்படுகின்றது. அவர் மிக முயன்றால் ஒலி மேலும் உயர்வதைக் கேட்கின்றார். முயற்சியை விடுவதும் ஒரு திறனே என்பதை அப்போதே உணர்கின்றார். கொலராடோப் பல்கலைக்கழகத்தில் பட்சின்ஸ்கி, ஸ்ரொய்வா ஆகியோர் 1970ஆம் ஆண்டளவில் இம்முறையைத் தசை இறுக்கத் தலையிடிக்குப் பயன்படுத்திக் காட்டினர். விரலின் வெப்பநிலை, தோலின் மின்கடத்துதிறன், இதயத்துடிப்பு, மூளை மின்னலைகள் ஆகியனவும் இவ்வாறே அளந்து உணர்த்தப்படுகின்றன.

இத்துறையின் வரலாற்றில் ஒரு நிகழ்வு நம் சிந்தனைக்குரியது. நியூயோர்க் றொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் நீல் மில்லரும் அவர்தம் குழுவினரும் எலிகளின் தசைகளைக் குறாறே என்னும் மருந்தினாற் செயலிழக்கச் செய்து, மூளைக்கு மின்தூண்டலைப் பரிசாக அளித்து, இதயத்துடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் பழக்கியதாக அறிவித்தனர். 1969இல் 'சயன்ஸ்' இதழில் மில்லர் எழுதிய கட்டுரை பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. அதே ஆண்டு கலிபோர்ணியாவின் சாந்தா மொனிக்காவில் உயிர்ப்பின்னூட்ட ஆய்வுச் சங்கமும் தோன்றியது. ஆயின் பின்னர் அதே பரிசோதனைகளை மீளச் செய்தபோது அம்முடிவுகள் கிட்டவில்லை. அதனை மறையாது 1974இல் டுவோர்க்கினுடன் இணைந்து வெளியிட்டவரும் மில்லரே. தம் புகழுக்கு அடிப்படையான முடிவையே ஐயத்திற்குட்படுத்திய அந்நேர்மை ஆய்வு மாணவர் அனைவரும் மனங்கொள்ள வேண்டியதாகும்.

அடித்தளம் அசைந்த பின்னரும் சிகிச்சை நிலைத்தது ஏன்? மனிதர் மூச்சை மாற்றியும் தசையைத் தளர்த்தியும் இதயத்தையும் குருதிக்கலன்களையும் மறைமுகமாக மாற்ற இயலும். மூளை நேரடியாகப் பணித்ததா, மூச்சின் வழியே பணித்ததா என்பது ஆய்வாளருக்கு முக்கியமான வினா; தலையிடி தணிந்த நோயாளிக்கு அது அத்துணை முக்கியமன்று. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறை மெதுவாக மூச்சுவிடும்போது இதயத்துடிப்பின் ஏற்றவிறக்கம் பெருகுகின்றது. போல் லேரர் முதலியோர் வளர்த்த இன்றைய பயிற்சிமுறையொன்று இதனையே அடிப்படையாகக் கொண்டது. மூச்சைக் கட்டுப்படுத்தும் மரபு யோகப் பயிற்சியில் நெடுங்காலமாக உள்ளது. கன்சாஸ் மாநிலத்து மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிறீன் 1970இல் சுவாமி ராமாவைப் பரிசோதித்தமையும் இத்தொடர்பு பற்றியே.

பயன்களை நாம் தரம்பிரித்து நோக்குதல் வேண்டும். ஒற்றைத் தலையிடி, தசை இறுக்கத் தலையிடி ஆகியவற்றில் இதன் பயன் பல ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. எனினும் கருவியில்லாத் தளர்வுப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பயனைத் தருவதுண்டு. இடுப்படித் தசைகள் ஒத்தியங்காமையால் நேரும் மலச்சிக்கலில் இச்சிகிச்சை சிறப்பாகப் பயன்படுகின்றது. மலத்தை அடக்க இயலாதோருக்கு இது உதவுவதை பெர்ணாட் ஏங்கல் 1974இல் எடுத்துக்காட்டினார். உயர் குருதியமுக்கத்திலோ பயன் சிறிதே. அது மருந்திற்கு ஈடாகாது. மூளையின் அல்பா அலைகளைப் பெருக்கினால் பேரமைதி கிட்டும் என 1970களில் எழுந்த ஆரவாரம் ஆய்வின் முன் நிலைக்கவில்லை. இவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். உடலுக்கு ஆற்றல் இருந்து செய்தி மட்டும் குறைவுபடும் இடத்திலேயே உயிர்ப்பின்னூட்டம் சிறக்கின்றது.

ஈண்டு இரு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. முதலாவது, தலையிடியின் காரணத்தை மருத்துவர் ஆராயுமுன் பயிற்சியில் இறங்குதலும், பயிற்சியை நம்பி மருந்தைத் தாமாக நிறுத்துதலும் தீங்கு பயக்கும். இரண்டாவது, நெருக்கீட்டின் ஊற்று வெளியே இருக்கும்போது அதனை நோயாளியின் குறையாகக் கருதலாகாது. வேலையிழந்தவனுக்கு விரலை வெப்பமாக்கக் கற்பிக்கலாம். அதனால் அவன் உறக்கமும் சீர்படலாம். ஆனால் அவனுக்கு வேலை கிடைத்துவிடாது.

தன் தோள் இறுகுவதைத் தானே உணர்ந்து தளர்த்தப் பழகியவருக்குப் பின்னர் மின்வாயும் ஒலியும் வேண்டியதில்லை. கருவி தேவையற்றுப் போகும் நிலையை எய்துவதே இச்சிகிச்சையின் நோக்கமாகும். தமது உடலை முற்றாக ஆளலாம் என நோயாளருக்கு வாக்களித்தல் தவறு. அதன்மேல் தமக்கு எவ்வித அதிகாரமும் இல்லையென அவர்களை நம்பவைத்தலும் தவறே. இவ்விரண்டிற்கும் இடையே உயிர்ப்பின்னூட்டத்திற்கு உரிய இடம் உண்டு என்பதே நமது முடிபு.