விழாத தடைகள்: குதிரையேற்றப் பயிற்சியில் ஆபத்தும் பொறுப்பும்

ஈவென்டிங் எனப்படும் முப்பிரிவுக் குதிரையேற்றப் போட்டி, குதிரையின் நடையொழுங்கைச் சோதிக்கும் டிரெஸாஜ், திறந்தவெளியில் ஓடித் தடைகளைத் தாண்டும் கிராஸ் கன்ட்ரி, அரங்கினுள் கம்பங்களைத் தாண்டும் ஷோ ஜம்பிங் ஆகிய மூன்றையும் ஒரே வீரர் ஒரே குதிரையில் முடிக்க வேண்டிய விளையாட்டாகும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா இதில் தனிநபர் வெள்ளியும், இந்திய அணி அணிப்பிரிவு வெள்ளியும் வென்ற பின்னரும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் 23ஆம் இடம் பெற்ற பின்னரும் நாளேடுகள் இவ்விளையாட்டைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கின்றன. ஆனால் இதைக் கற்கச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்கு உள்ள உரிமைகளைப் பற்றிய எழுத்து அரிது. பரங்கிமலை–பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்களுக்கும் அடுக்ககங்களுக்கும் நடுவே இருக்கும் ஐயப்பன்தாங்கல் போன்ற பகுதியிலிருந்து, விடுமுறைக் காலையில் சென்னையின் விளிம்பில் உள்ள பயிற்சித் திடலுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் குடும்பம், முதல் நாளே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அதோடு தன் உரிமை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிறது.

ஷோ ஜம்பிங்கில் குதிரையின் கால் பட்டால் கம்பம் உருண்டு விழும். கிராஸ் கன்ட்ரியில் தடை அசையாது. அடிமரம், மண்மேடு, பள்ளம், நீர்க்குட்டை என இயற்கை நிலத்தைப் போலவே அமைக்கப்படும் இத்தடைகளில் குதிரையின் முன்கால் மேற்பகுதி இடித்தால், அதன் உடல் தடையை அச்சாகக் கொண்டு தலைகீழாகப் புரண்டு, கீழே விழுந்தவர்மீதே சாயக்கூடும். சுழல்வீழ்ச்சி எனத்தக்க இதுவே இவ்விளையாட்டின் உயிர்க்கொல்லி. 1999ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் ஐந்து வீரர்கள் இப்போட்டிகளில் உயிரிழந்ததையடுத்தே, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அழுத்தம் விழுந்தால் கம்பத்தை விடுவிக்கும் பாதுகாப்புப் பிணைப்புகள் உருவாக்கப்பட்டுப் பரவின. புரளாமல் வெறுமனே தூக்கியெறியப்படுவதும் சிறிய ஆபத்தன்று. சூப்பர்மேன் படங்களின் நாயகன் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரை தடைமுன் திடீரென நின்றதால் விழுந்து, கழுத்தெலும்பு முறிந்து, எஞ்சிய ஒன்பது ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தார்.

இந்த ஆபத்தை முற்றிலும் நீக்க இயலாது. ஆனால் எவ்வளவு குறைகிறது என்பது பயிற்றுநரின் ஒரு நாள் நடக்கும் முறையைப் பொறுத்தது. வெயில் ஏறுமுன், சேணம் பூட்டுவதற்கும் முன், அவர் ஒவ்வொரு குதிரையின் முன்காலையும் முழங்காலிலிருந்து குளம்புவரை உள்ளங்கையால் நீவிப் பார்க்கிறார். ஒரு காலின் பின்புறத் தசைநாண் மற்றதைவிடச் சற்றே சூடாக இருந்தாலும் அன்று அந்தக் குதிரைக்குத் தாண்டல் இல்லை. லாடம் தளர்ந்திருக்கிறதா, சேணத்தின் வயிற்றுப்பட்டை நைந்திருக்கிறதா என்பவை அடுத்துப் பார்க்கப்படுகின்றன. பிறகு மாணவர்களைத் திடலில் நடத்தியே அழைத்துச் சென்று, ஓட்டத்தில் குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ 12 அடி என்றும் மனிதரின் நான்கு நெடிய எட்டுகள் அதற்கு ஈடு என்றும் சொல்லி, இரு தடைகளுக்கு இடைப்பட்ட தொலைவை அவர்களையே அளக்கச் செய்கிறார். தரையில் கிடத்திய கம்பம், முழங்காலளவு அடிமரம், அதன்பின் மேடு, கடைசியாக நீர் என்னும் வரிசையில் ஏதேனும் ஒருபடியில் குதிரையோ மாணவரோ தயங்கினால் முந்தைய படிக்குத் திரும்புவதே முறையான பயிற்சி. கட்டணம் கட்டிய பெற்றோர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் “இன்று இவ்வளவுதான்” என்று சொல்லும் துணிவு, தொழில்திறத்தின் பாதி எனலாம்.

சென்னையின் தட்பவெப்பம் இதற்கு மேலும் ஒரு கணக்கைச் சேர்க்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் சில குதிரைகள் வியர்க்கும் திறனையே இழந்துவிடும். பாய்ச்சலுக்குப் பின்னும் தோல் உலர்ந்து, மூச்சு மட்டும் இரைக்கும் அக்குதிரையின் உடல்வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். குதிரையின் இயல்பான உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் என்பதால், வெப்பமானி வைத்துப் பார்க்கும் பழக்கமும், உடனடியாக ஊற்றக் குளிர்ந்த நீரும் இல்லாத திடலில் சித்திரை, வைகாசி மாதங்களில் தாண்டல் பயிற்சி நடத்துவது குதிரைக்கும் அதன் மீதிருப்பவருக்கும் கேடாகும். சோர்ந்த குதிரை காலைத் தாழ்த்தியே தூக்கும் என்பதால், மேலே சொன்ன சுழல்வீழ்ச்சிக்கு அதுவே வழி திறக்கிறது.

“எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற படிவத்தின் சட்ட வலு, பெற்றோர் அஞ்சும் அளவுக்குப் பெரிதன்று. விரும்பி ஏற்ற ஆபத்துக்கு இழப்பீடு கோர இயலாது என்ற கோட்பாடு சட்டத்தில் உண்டு என்றாலும், அது விளையாட்டுக்கு இயல்பான ஆபத்தையே குறிக்கும். பயிற்றுவிப்பவரின் கவனக்குறைவை யாரும் விரும்பி ஏற்பதில்லை. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாதது என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைக் கொண்டு 1903இல் பிரிவி கவுன்சில் நிலைநாட்டிய நெறி. 1995இல் பள்ளியொன்றின் 14 மாணவர்கள் சுற்றுலாவின்போது பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்த வழக்கில், தம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைக் காக்க வேண்டிய கடமையைச் சுட்டி, பெற்றோருக்கு வழங்கப்பட்ட இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதிசெய்தது. அந்தக் கடமை ஆற்றங்கரையில் ஒன்றாகவும் குதிரைத் திடலில் வேறாகவும் இருக்க முடியாது.

குதிரையேற்றப் பள்ளி நடத்துவதற்கென்றே பிரிட்டன் 1964இல் உரிமச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லாததால், கேட்டறியும் பொறுப்பு பெற்றோர்மீதே விழுகிறது. பயிற்றுநர் எங்கே பயின்றார், அவருடைய தகுதிச் சான்று எது, ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் அங்கீகரிக்கப்பட்ட தரக்குறி பெற்றவையா, பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றுகிறார்களா, முதலுதவி தெரிந்தவர் திடலில் இருக்கிறாரா என்று கேட்பது அவமதிப்பாகாது. டெட்டனஸ் நோயின் கிருமிவித்துகள் குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் இருக்கக்கூடியவை என்பதால், அதற்கான தடுப்பூசி காலாவதியாகவில்லை என்பதைப் பெற்றோரும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விபத்து நேர்ந்துவிட்டால், விழுந்தவரைப் பலர் சேர்ந்து தூக்கி நிறுத்தாமல், கழுத்து அசையாதபடி படுக்கவைத்து 108ஐ அழைப்பது முதற்கடமை. தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும் அன்று மீண்டும் குதிரையேறக் கூடாது. மருத்துவமனையில் ‘கீழே விழுந்தார்’ என்று மட்டும் எழுதவிடாமல், குதிரைப் பயிற்சியின்போது நேர்ந்தது என்பதைப் பதியச் செய்வதும், தடையையும் சேணத்தையும் அன்றே படமெடுத்துக்கொள்வதும், கட்டண ரசீதுகளைக் காப்பதும் பின்னாளில் கைகொடுக்கும். கட்டணம் பெற்று அளிக்கப்படும் பயிற்சி, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை. கட்டியவர் பெற்றோராயினும் பயன்பெறும் பிள்ளையும் நுகர்வோரே. புகார் எந்த நுகர்வோர் ஆணையத்துக்கு உரியது என்பதைக் கேட்கும் இழப்பீட்டுத் தொகை தீர்மானிப்பதில்லை, செலுத்திய கட்டணமே தீர்மானிக்கிறது. எனவே பெருந்தொகை கேட்கும் வழக்கும் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் இல்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால், பள்ளி எங்கிருந்தாலும் ஐயப்பன்தாங்கல்வாசி காஞ்சிபுரம் மாவட்டத்துக்குரிய ஆணையத்தை நாடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தொடக்க ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு. படிவத்தின் வாசகமே நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவின்கீழ்க் குற்றமும் ஆகும்.

பயிற்றுநரின் நிலையும் பாதுகாப்பானதன்று. மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்குகளில் ஒன்று, சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடுவோரின் காயத்துக்குச் செலவு தர வேண்டியதில்லை என்கிறது. அதாவது ஒரே குதிரையிலிருந்து விழும் மாணவருக்குக் கிடைக்கும் காப்பீடு, கற்பிப்பவருக்கு மறுக்கப்படலாம். பத்திரத்தைப் படித்துத் தனி விபத்துக் காப்பீடு எடுப்பது அவருக்குத் தேவை. மறுப்பு நியாயமற்றது என்று கருதினால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். லாயத்தில் குதிரை உதைத்துக் காயமடையும் பணியாளருக்கோ, முதலாளியின் தவறு நிறுவப்படாவிட்டாலும் பணியிட விபத்துக்கு இழப்பீடு உண்டு என்று 1923ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த கோட்பாடு, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. கூலியைக் கையில் வாங்கும் அவரிடம் வேலைக்கான சான்று எதுவும் இல்லாமற்போவதுதான் பெருந்தடை.

குதிரைக்காகப் பேசும் சட்டம், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியின் பயனாக 1960இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அளவுக்கு மீறி ஓட்டுவதும், நோயுற்ற அல்லது புண்பட்ட குதிரையை வேலைக்குப் பயன்படுத்துவதும் அதன் 11ஆம் பிரிவின்கீழ்க் குற்றங்கள். முதல் குற்றத்துக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை என்று அன்று எழுதியதே இன்றும் நீடிப்பது வெட்கத்துக்குரியது. ஆயினும் காயமுற்ற குதிரையைச் சிகிச்சையகத்தில் சேர்க்குமாறு ஆணையிடும் அதிகாரம் நீதித்துறை நடுவருக்கு உண்டு. அபராதத்தைவிட அதுவே குதிரைக்குப் பயன்படுவது. இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கக் காலக்கெடு குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் மட்டுமே என்பதால், நொண்டும் குதிரையைத் தடைநோக்கி விரட்டுவதைக் கண்டவர், நாளும் இடமும் குறித்த படத்தையும் கால்நடை மருத்துவரின் சான்றையும் தாமதமின்றிப் பெற்றாக வேண்டும்.