கண் மூடிய கோழிக்குஞ்சு

சென்ற ஐப்பசி மழையின்போது நம் வீட்டு நாட்டுக்கோழி 11 குஞ்சுகளைப் பொரித்தது. பத்தாம் நாள் காலையில் அவற்றுள் ஒன்று வலக்கண்ணைத் திறக்க இயலாமல் கூட்டின் மூலையில் ஒதுங்கி நின்றது. இமைகள் வீங்கிப் பீளையால் ஒட்டிக்கிடந்தன. “ஒரு குஞ்சுதானே, போனால் போகட்டும்” என்றனர் பெரியவர்கள். பள்ளிக்குப் புறப்பட்ட நம் மகளோ அதைக் கையிலேந்தியபடி வாசற்படியைவிட்டு நகரவில்லை.

குஞ்சின் விலையைக் காட்டிலும் மருத்துவரிடம் சென்றுவரும் பேருந்துச் செலவு மிகுதியாயிருக்கும்போது, சிறு வருவாய்க் குடும்பம் என்ன செய்யும்? வீட்டிலுள்ளதைக் கொண்டே தொடங்கலாம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. கண்நோயைவிடப் பசியும் தாகமுமே குஞ்சினை விரைந்து கொல்லும். பார்வை குன்றியது தீனியைத் தேடாது. மற்றவையும் அதனைத் தள்ளிவிடும். ஆகவே முதலில் அதைத் தனியே ஓர் அட்டைப்பெட்டியில் விட்டு, அலகின் நுனியைத் தண்ணீரில் தோய்த்துக் காட்டினோம். குருணையை நீரிற் பிசைந்து அலகருகே வைத்தோம். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். குளிர்ந்தால் நெருங்கவும், சுட்டால் விலகவும் இடம் வேண்டுமல்லவா? இந்நாளைய எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிக் கதகதப்புத் தராது.

கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு. அதுவே கண் கழுவும் மருந்து. குஞ்சினைத் துணியிற் சுற்றும்போது மார்பை இறுக்கலாகாது. மார்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு. வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சினை இமைமேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்தால் பீளை தானே இளகும். பிய்த்தெடுக்க முயன்றால் புண்ணாகும். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிய பஞ்சு, நாள்தோறும் புதிய நீர். பின்னர் சோப்பிட்டுக் கைகழுவச் சிறுவர்களைப் பழக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழியச் சொன்னார் அண்டைவீட்டு அம்மையார். நல்லெண்ணத்துடன்தான் சொன்னார், ஆயினும் நாம் இணங்கவில்லை.

இவ்வளவும் செய்தும், மூன்றாம் நாள் மற்றொரு குஞ்சின் கண்ணிலும் நீர் வடிந்தது. பிழை நம்முடையதே. கண்ணைப் பார்த்தோமே தவிரக் கூட்டைப் பார்க்கவில்லை. மண்டியிட்டுக் குஞ்சின் உயரத்திற்கு முகத்தைத் தாழ்த்தியபோது மூக்கைத் துளைத்தது நெடி. மழைச்சாரலில் நனைந்த உமியும் எச்சமும் சேர்ந்து அம்மோனியா வாயுவைக் கிளப்பியிருந்தன. நின்றபடி பார்ப்பவருக்கு அது எளிதில் புலப்படுவதில்லை. பழைய உமியை வாரியெறிந்து, உலர்ந்த உமியை இரண்டு அங்குல உயரம் பரப்பி, சாரல் புகுந்த பக்கத்தைச் சாக்கினால் மறைத்து, மேற்புறத்தில் காற்றோட இடம் விட்டோம். அதன்பின் வேறெந்தக் குஞ்சுக்கும் நோய் தொற்றவில்லை.

இரண்டு நாளில் குணம் தெரியாவிடில் அரசுக் கால்நடை மருந்தகத்தை நாடுக. வீட்டில் மிஞ்சிய கண்களிம்பை எடுத்துத் தடவுவது தவறு. ஸ்டீராய்டு கலந்தது கருவிழிப் புண்ணை மோசமாக்கும். குளோராம்பெனிக்கால் முட்டைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் உயிர்களுக்கு நம் நாட்டில் விலக்கப்பட்டது.

பல குஞ்சுகளுக்கு ஒருசேரக் கண் வீங்கி, மூக்கொழுகி, மூச்சில் கரகரப்பும் இருந்தால் அது சுவாச நோய். கண்ணைச் சுற்றிக் கொப்புளமும் பொருக்கும் தோன்றினால் அம்மை. அதைப் பரப்புவதில் கொசுவுக்கும் பங்குண்டு. பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் கண்டால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கக்கூடும். இவற்றுக்கு உப்புநீர் போதாது. இமைக்குள் பாலாடைக்கட்டி போன்ற வெண்பொருள் திரள்வது சில வேளை வைட்டமின் ‘ஏ’ குறைவினால்; முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கித் தீனியில் கலப்பது இக்குறை வராமற் காக்க உதவும்.

ஆறாம் நாள் நம் குஞ்சு கண் திறந்தது. விழியில் மெல்லிய வெண்படலம் எஞ்சிவிட்டது. இன்று அது வளர்ந்த பெட்டைக்கோழி. வலப்பக்கம் தீனி இட்டால், தலையை முழுதும் திருப்பி இடக்கண்ணால் பார்த்த பிறகே கொத்துகிறது.