திரையில் ஓர் இட்லிப் பானை

சாகச விளையாட்டு என்பது ஒரு கதையின் ஊடே புதிர்களை அவிழ்த்துக்கொண்டு செல்லும் கணினி விளையாட்டு. ஆடுபவரின் எண்ணத்தைக் கணினிக்கும், அங்கே நிகழ்வதை ஆடுபவருக்கும் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு இடைமுகம் எனப்படும். 1970களின் நடுவில் அமெரிக்கரான வில் குரோதர் எழுதிய ‘கொலாசல் கேவ் அட்வென்ச்சர்’ விளையாட்டில் ‘விளக்கை எடு’ என்பது போன்ற கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால், கணினிக்குத் தெரிந்த சொல் எது என்று ஊகிப்பதே தனிப் புதிராகிவிட்டது. 1987இல் வெளியான ‘மேனியாக் மேன்ஷன்’ வினைச்சொற்களைத் திரையின் அடியில் எழுதிவைத்து, தேர்ந்தெடுத்தால் போதும் என்றாக்கியது. பின்னர் அச்சொற்களும் மறைந்து, பொருளைத் தொடுவதே கட்டளையாயிற்று.

இம்மாற்றத்தின் கனிந்த வடிவைத் தமிழ்ச் சமையலறை ஒன்றிலேயே காணலாம். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் அந்நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய்வீட்டுச் சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்க, விடுபட்ட செய்முறையை ஊகித்து, பொருள்களைத் திரையில் பிடித்திழுத்து உரிய இடத்தில் வைப்பதே ஆட்டம். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் இட்லித் தட்டைக் கையிலெடுத்துப் பார்த்தவருக்கு, மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக வந்துவிடாமல் சற்றே திருப்பி அடுக்கினால்தான் மாவு உப்ப இடம் கிடைக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். இவ்விளையாட்டின் முதல் புதிரான இட்லியும் அந்தத் தட்டடுக்கைச் சார்ந்ததே. தவறினால் தண்டனை இல்லை, மீண்டும் முயலலாம். பாத்திரத்தின் வடிவமே வழி சொல்லிவிடுவது இதன் தலையாய சிறப்பு. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு வழங்கியது.

காவிரிப் படுகையின் நெல் வேலைகளுள் இத்தகைய கைவழக்கங்கள் இன்னும் எத்தனையோ உள்ளன. முறத்தை மேலும் கீழுமாகத் தட்டி உமி பறக்கச் செய்வது புடைத்தல். பக்கவாட்டில் மெல்ல அசைத்துக் கல்லையும் நொய்யையும் பிரிப்பது கொழித்தல். ஒரே கருவி, இரண்டு அசைவுகள், இரண்டு வினைச்சொற்கள் என்று ஓர் இடைமுகத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே ஆயத்தமாக இருக்கிறது. விளையாட்டு வடிவமைக்கப் பயிலும் தஞ்சை, திருவாரூர் மாணவர்கள் கணினியைத் திறக்குமுன் ஒருமுறை முறத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.