பிரெஞ்சு மொழியில் ஒரு பழைய வினையும் நம் வியங்கோளும்

வினைச்சொல்தான் ஒரு மொழியின் முதுகெலும்பு என்று பெரியோர் சொல்லுவார்கள். பெயர்ச்சொல்லை எந்த மொழியிலிருந்தும் கடன் வாங்கிவிடலாம். பஸ், காபி, மார்க்கெட் எல்லாம் வந்து நம் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டன. ஆனால் வினையின் விகுதியை யாரும் கடன் கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை. அது தேய்ந்தால் தேய்ந்ததுதான். இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கொஞ்சம் தூரத்தில் உள்ள ஒரு மொழியிலிருந்து ஒரு சங்கதியை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். அது பிரெஞ்சு இலக்கணத்தில் மிகவும் பழமையானதும், பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துவதுமான ஒரு வினைவடிவம். நம் சொல்லில் அதை "இறந்தகால விருப்ப வினை" எனலாம்.

தமிழனுக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர் உண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் இருக்கின்றனவே! நம் கேரளக் கரையிலேயே மாகி இருக்கிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962-இல் அது முழுச் சட்டவலு பெற்றது. மக்களின் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாத வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு உண்டு. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி புதுச்சேரியில் இன்றும் நடக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவர்களுடைய பாட்டன் காலத்துச் சொத்துப் பத்திரங்களும் உயில்களும் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. ஆகவே இது வெறும் புத்தக விவகாரம் அல்ல.

வினை எப்படி உருவாகிறது?

பிரெஞ்சில் நடந்ததைச் சொல்ல ஒரு முறை, விரும்பியதை, அஞ்சியதை, ஐயப்பட்டதைச் சொல்ல வேறொரு முறை. "அவன் வந்தான்" என்பது நடந்தது. "அவன் வரவேண்டும் என்று விரும்பினேன்" என்பதில் வந்தானா இல்லையா என்று தெரியாது. அது மனசுக்குள் இருப்பது. மனசுக்குள் இருப்பதற்குத் தனி விகுதி போட்டார்கள். அதிலும் "விரும்புகிறேன்" என்று இப்போது சொன்னால் ஒரு வடிவம், "விரும்பினேன்" என்று முன்பு சொன்னால் இன்னொரு வடிவம். இந்த இரண்டாவதுதான் நம் கதாநாயகன்.

இதைப் பண்ணுகிற விதி, பயமுறுத்துகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. எழுத்துநடையில் உள்ள இறந்தகாலத்தில் "நீ" என்பதற்குரிய வடிவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எப்போதும் "எஸ்" என்ற எழுத்தில் முடியும், ஆனால் அந்த எஸ் வாயில் வராது. அதோடு இன்னொரு "எஸ்", ஒரு "ஈ" சேர்த்தால் "நான்" என்பதற்குரிய வடிவம் வந்துவிடும். "பார்லே" என்றால் பேசுவது. "நீ பேசினாய்" என்பது "த்யூ பார்லா". அதிலிருந்து வரிசையாக:

நான்: ஜ பார்லாஸ்
நீ: த்யூ பார்லாஸ்
அவன்: இல் பார்லா
நாம்: நூ பார்லாஸ்யோன்
நீங்கள்: வூ பார்லாஸ்யே
அவர்கள்: இல் பார்லாஸ்

"வெனீர்" என்றால் வருவது. அதில் நானுக்கு "வேன்ஸ்", அவனுக்கு "வேன்". "எத்ர்" என்றால் இருப்பது. அதில் நானுக்கு "ஃப்யூஸ்", அவனுக்கு "ஃப்யூ". எவ்வளவு முரட்டு வினையாக இருந்தாலும் இந்த விதி ஒன்றுதான். பிரெஞ்சில் விதிவிலக்கு இல்லாத விதியைக் காண்பது அபூர்வம். இது அப்படிப்பட்ட ஒன்று. அந்த "நீ" வடிவம் தெரிந்தால் போதும், மிச்சம் தானாக வரும்.

தொப்பியின் கதை

அவனுக்கு உரிய வடிவத்தில் மட்டும் ஒரு விசேஷம். அதில் உயிரெழுத்தின் தலையில் சின்னத் தொப்பி மாதிரி ஒரு குறி போடுவார்கள். பழைய பிரெஞ்சில் அந்த இடத்தில் ஓர் "எஸ்" இருந்தது. வாயில் அது அழிந்தது, பிறகு எழுத்திலும் அழிந்தது. அழிந்த எழுத்துக்கு நட்ட நடுகல்தான் அந்தத் தொப்பி.

இந்தத் தொப்பி அலங்காரம் இல்லை. "வீடு விற்கப்பட்டது" என்பதிலும் "வீடு விற்கப்பட வேண்டும் என்று விரும்பினார்" என்பதிலும் வரும் "ஃப்யூ" என்ற சொல் காதுக்கு ஒன்றேதான். எழுத்தில் மட்டும் முன்னதற்குத் தொப்பி இல்லை, பின்னதற்கு உண்டு. ஒரு பழைய உயிலைப் படிக்கிறவர் இந்தக் குறியைக் கவனிக்காமல் போனால் என்ன ஆகும்? தாத்தா ஆசைப்பட்டதை நடந்து முடிந்ததாக எடுத்துக்கொள்வார். விற்றாச்சு என்பதற்கும் விற்கணும் என்பதற்கும் உள்ள தூரம் வியாபாரிக்குத் தெரியும். பேரேட்டில் வரவேண்டிய பாக்கியை வந்த பணமாக எழுதினால் கடை என்ன ஆகும்?

பேச்சிலிருந்து போனது எப்படி?

இவ்வளவு ஒழுங்கான வடிவம் இன்று பிரெஞ்சுக்காரர் பேச்சில் இல்லை. "பார்லாஸ்யோன்" போன்ற நீண்ட விகுதிகள் அவர்கள் காதுக்கே சிரிப்பாகப் பட்டன. நாளாவட்டத்தில் அந்த இடத்தில் நிகழ்கால வடிவத்தையே வைத்துப் பேசப் பழகினார்கள். 1901-இல் பிரான்ஸ் கல்வி அமைச்சகம், சில வாக்கியங்களில் அப்படி எழுதினால் தேர்வில் பிழையாகக் கொள்ளக்கூடாது என்று ஆணையிட்டது. 1976-இல் வந்த ஆணை அந்தச் சலுகையை இன்னும் விரித்தது. பேச்சு முன்னே போக, அரசாணை பின்னே வந்தது. இன்று நாவல்களிலும் உயர்ந்த எழுத்துநடையிலும், அதுவும் பெரும்பாலும் "அவன்" வடிவத்தில் மட்டும் இது உயிரோடு இருக்கிறது. "ஒரு நாளேனும்" என்று சொல்ல "ந ஃப்யூஸ் க" என்றொரு தொடர் உண்டு. அதிலே அந்தப் பழைய "ஃப்யூ" ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் மொழியில் என்ன?

தமிழில் இந்தச் சிக்கலே கிடையாது. "அவன் வரவேண்டும் என்று நினைக்கிறேன்", "அவன் வரவேண்டும் என்று நினைத்தேன்" இரண்டிலும் "வரவேண்டும்" மாறுவதில்லை. "என்று" என்ற ஒரு சின்னச் சொல், மனசுக்குள் நினைத்ததை நினைத்தபடியே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. பிரெஞ்சு இன்று வந்து சேர்ந்திருக்கிற இடத்துக்குக் கிட்டத்தட்ட நாம் முன்பே வந்துவிட்டோம்.

ஆனால் விருப்பத்தைச் சொல்லத் தனி விகுதி நம்மிடமும் உண்டு. அதுதான் வியங்கோள்: வாழ்க, வாழிய, வாழியர். தொல்காப்பியர் இது தன்மைக்கும் முன்னிலைக்கும் பொருந்தாது, படர்க்கைக்கே உரியது என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த சமண முனிவர் பவணந்தி, மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் இது வரும் என்றார். பெருந்துறைப் பக்கம் உள்ள சீனாபுரமே அவர் ஊர் என்பர். நம் எல்லையிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. தொல்காப்பியருக்கு மாறாகச் சொல்கிறோமே என்று பவணந்தியார் தயங்கவில்லை. மக்கள் "நீ வாழ்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தார், விதியைத் திருத்தினார்.

இன்று அந்த வியங்கோளும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பேச்சில் "நல்லா இருக்கணும்"னு தான் சொல்றோம். "வருக", "வாழ்க", "விடை எழுதுக" என்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகையிலும் மேடையிலும் கேள்வித்தாளிலும் மட்டுமே. பிரெஞ்சுக்காரரின் தொப்பிபோட்ட வினைக்கு நேர்ந்த கதிதான் இதற்கும்.

பக்கத்து வீட்டுப் பாடம்

நம் பக்கத்து வீட்டிலும் ஒரு பாடம் உண்டு. மலையாளத்தில் நான், நீ, அவன், அவள், அவர் எல்லோருக்கும் "வந்நு" ஒன்றே போதும். தமிழிலிருந்து மலையாளம் எப்படி வேறுபட்டது என்று சொல்ல வந்த ஏ.ஆர். ராஜராஜவர்மா, தமது கேரளபாணினீயத்தில் (1896) இதற்குப் "புருஷபேத நிராசம்" என்று பெயரிட்டார். இட, பால் விகுதிகளை உதறிவிட்டது என்று பொருள். மலையாளத்துக்கு அது குறையல்ல, அந்த மொழி நடந்துவந்த வழி அது. அந்த விகுதிகள் இல்லாமலேயே அது அழகாக வாழ்கிறது.

நமக்கு உள்ள கவலை வேறு. வேலந்தாவளத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் நம் பிள்ளைகள் காலையில் பள்ளியில் ஒன்றும் மாலையில் வீட்டில் ஒன்றும் பேசுகிறார்கள். "வந்தேன், வந்தாய், வந்தான்" என்ற வரிசையை யாரும் உட்கார்ந்து சொல்லித்தராவிட்டால், அது தானாக வந்துவிடாது. மதிப்பெண் கிடைக்கும் என்று மேல்வகுப்பில் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகளும் உண்டு. எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் "பார்லாஸ், பார்லா" என்று ஆறு இடத்துக்கும் ஒப்பிக்கிற பிள்ளைக்கு, ஊரில் இருக்கிற அப்பத்தாவுக்குத் தமிழில் நாலு வரி எழுதத் தெரியவில்லை என்றால் அதை என்னவென்று சொல்வது?

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிரெஞ்சு படிக்கிற பிள்ளையிடம் அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில் தமிழ் வினையையும் எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் ஜ, த்யூ, இல். வலது பக்கம் நான், நீ, அவன். இரண்டு மொழியும் அப்போதுதான் நன்றாகப் புரியும், ஒன்றுக்கொன்று விளக்கு பிடிக்கும். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பிள்ளைகளைச் சேர்ப்பதும், முடியாதவர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீட்டிலே சொல்லிக்கொடுப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

பிரான்ஸ் தேசத்தில் ஒரு வடிவம் பேச்சில் போனாலும், அதைப் படிக்கத் தெரிந்தவர் கோடிக்கணக்கில் உண்டு. புத்தகமும் பள்ளியும் அரசும் அதைக் காத்து நிற்கின்றன. எல்லை தாண்டி வாழும் நமக்கோ வீடுதான் பள்ளி, வாய்தான் புத்தகம். வாயில் இல்லாதது நாளைக்கு ஏட்டிலும் இருக்காது. பிள்ளைகள் பல மொழி கற்க, நம் தமிழும் அவர்கள் நாவில் நிலைபெறுக!