டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் பேசவும் பழகுகிறார்கள்!

“அம்மா, இன்றைக்கு வார்டுக்குப் போனோம். ஒரு பாட்டியோடு பேசினேன்!” எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்திலேயே என் மகள் இப்படிச் சொன்னதும், “அதற்குள்ளாகவா?” என்று கேட்டேன்.

பாடமுறை மாறிவிட்டதாம். 1997-ஆம் வருஷத்து விதிகளுக்குப் பதிலாக, 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இந்தியா முழுவதும் புதிய திட்டம். ‘என்ன படித்தாய்?’ என்பதைவிட, ‘என்ன செய்யத் தெரியும்?’ என்பதுதான் கேள்வி. ஊசி போடுவதை முதலில் பொம்மையில் பழகுகிறார்கள். செய்து காட்டிப் பதிவேட்டில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நோயாளியிடம் பேசுவதற்கும் தனிப் பாடம் உண்டு.

இது எனக்கு ஏன் பெரிதாகப் படுகிறது, தெரியுமா? இவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜுரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டை நீட்டினார். மருந்து எத்தனை வேளை என்று கேட்கக்கூடப் பயந்து, அப்படியே வீடு திரும்பினேன்.

கஷ்டமும் இல்லாமல் இல்லை. “கையெழுத்துக்கு அலைவதிலேயே பொழுது போகிறதும்மா” என்று அலுத்துக்கொள்கிறாள். நியாயந்தான். ஆசிரியர்கள் போதாத இடத்தில் யார் பழக்குவது? கையெழுத்து வந்து, வேலை கைவராமல் போனால் என்ன பிரயோஜனம்?

2022-லிருந்து மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து, வீடு தேடிப்போய் உடல்நலம் விசாரிக்கிறார்கள். உங்கள் வாசலுக்கும் அப்படி ஒரு பிள்ளை வந்தால் விரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! உட்காரவைத்து, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, கேட்க வேண்டியதைக் கூசாமல் கேளுங்கள். உங்களிடம்தான் அது டாக்டராகப் பழகுகிறது.