நாலு குழாய் சேரும் இடம்

பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கடிதம் எழுதியிருக்கிறார். மாமா ஓட்டி ஓரங்கட்டிய பழைய ஹோண்டா சிட்டி விடெக் இப்போது மருமகன் கையில். அதை டிராக் ரேஸுக்குத் தயார் செய்கிறாராம். ‘எந்த ஹெட்டர் போட்டா சவுண்டு கெத்தா இருக்கும் சார்?’ என்று கேட்கிறார். சவுண்டை அப்புறம் பார்ப்போம். ஹெட்டர் என்கிற அந்தக் குழாய்க் கூட்டத்தின் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு மோகம். எழுத ஒரு சாக்குக் கிடைத்தது.

கம்பெனியிலிருந்து வருகிற பல கார்களில் நாலு சிலிண்டரின் புகையும் ஒரு வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் சாண் தூரத்துக்குள் கூடிவிடும். மலிவு, வருஷக்கணக்கில் உழைக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு சிலிண்டர் துப்புவது பக்கத்து வீட்டு வாசலில் போய் முட்டும். ஹெட்டரில் ஆளுக்கொரு தனிக் குழாய். நாலும் ஏறக்குறைய ஒரே நீளம். தனித்தனியே கொஞ்ச தூரம் போன பிறகுதான் கலெக்டர் என்கிற பொதுக் குழாயில் சேரும்.

புகைக்குத் தாராளமாக வழி விடுவது அதன் பாதி வேலை. மறு பாதிதான் விசேஷம்.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் இருப்பது வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு அழுத்தம். அது குழாய்க்குள் பாயும்போது ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. புகை பின்னால் வர, அலை ஒலியின் வேகத்தில் முந்திக்கொண்டு ஓடும். நம் வீட்டுக் காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகும். 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் 590ஐத் தொட்டுவிடும். கலெக்டரை எட்டியதும் அலை திடீரென்று அகன்ற வெளிக்கு வருகிறது. முட்டிக்கொள்ள அங்கே சுவர் எதுவும் இல்லை. ஆனாலும் அலையின் ஒரு பங்கு திரும்பி வருகிறது, அதுவும் தலைகீழாக! தள்ளிக்கொண்டு போன அலை உறிஞ்சும் அலையாக வால்வை நோக்கி ஓடிவருகிறது.

கபாலீசுவரர் கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அதன் வாயான அணசு அகலத் திறந்தே கிடக்கிறது. இருந்தும் உள்ளே ஸ்வரம் நிற்பது இப்படித் திரும்பி வரும் அலையால்தான். வித்வான் துளைகளை மூடித் திறந்து காற்றின் நீளத்தை நொடிக்கு நொடி மாற்றுகிறார். ஹெட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெல்டிங் வைத்தாகிவிட்டால் ஒரே நீளம், ஆகவே ஒரே ஸ்வரம்.

அந்த உறிஞ்சும் அலை எப்போது வந்து சேர வேண்டும்? எக்ஸாஸ்ட் வால்வு மூடப் போகிறது, இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிட்டது, இரண்டும் சற்றே திறந்து நிற்கின்றன. அந்த இடுக்கில் வந்தால் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும். பிஸ்டன் இறங்கி உறிஞ்சத் தொடங்கும் முன்பே பாதி வேலை நடந்திருக்கும். 70 செ.மீ. குழாயில் அலை போய்வர 2.4 மில்லி நொடி ஆகும். 7000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கே 8.6 மில்லி நொடிதான். முன்னே பின்னே வந்தால் உதவி போச்சு. தப்பான நேரத்தில் தள்ளும் அலை வந்து சேர்ந்தால் புகை வந்த வழியே சிலிண்டருக்குள் திரும்பும்.

டியூனிங் ஆட்கள் போடும் தோராயக் கணக்கில், வால்வு வழக்கமான நேரத்தில் திறக்கும் என்ஜினுக்கு 7000 ஆர்பிஎம் என்றால் குழாய் நீளம் 68 செ.மீ. வரும், 5000 என்றால் ஒரு மீட்டரை நெருங்கும். ‘டிராக் ரேஸ்தானே, 402 மீட்டரும் முழு மிதிதானே, 7000க்கே வைத்துவிடலாம்’ என்று தோன்றும். இங்கேதான் கியர்பாக்ஸ் குறுக்கே நிற்கிறது. சாலைக்கென்று செய்த காரில் 7000த்தில் முதல் கியரை விட்டு இரண்டாவதைப் போட்டால் முள் 4000 சொச்சத்துக்கு விழும். அங்கிருந்து அது மூச்சு வாங்கி மேலே ஏறுவதற்குள் பக்கத்து லேன்காரர் போய்விடுவார். ஹெட்டர் வாங்குமுன் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் முள் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். என்ஜின் எந்த ஆர்பிஎம்முக்குள் ஓடுகிறதோ, குழாய் அதற்குத்தான்.

கம்பெனி கியர்பாக்ஸே இருக்கிற வண்டிக்கு 4-2-1 என்கிற வகை பொருந்தும். நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும். இரண்டு கட்டமாகச் சேர்வதால் உதவி பரவலாகக் கிடைக்கும். பற்ற வைக்கும் வரிசை 1-3-4-2 என்பதால் ஒன்றையும் நாலையும் ஜோடி சேர்ப்பார்கள், இரண்டையும் மூன்றையும் ஜோடி சேர்ப்பார்கள். ஜோடிக்குள் ஒரு முழுச் சுற்று இடைவெளி கிடைக்கும், புகையோடு புகை மோதாது. நாலும் நேரே ஒன்றில் சேரும் 4-1 வகை உச்சத்தில் நன்றாகக் கொடுக்கும். கியர்களை நெருக்கி வைத்த ரேஸ் வண்டிக்கு அது சரி.

குழாய் எவ்வளவு பருமன்? பெரிசு போட்டால் பவர் என்று ஒரு கட்சி, ‘பேக் பிரஷர் வேணும்’ என்று இன்னொரு கட்சி. எந்த என்ஜினும் தன் வாயை அடைக்கச் சொல்லிக் கேட்பதில்லை. அதற்கு வேண்டியது புகையின் வேகம். குழாய் தேவைக்கு மேல் அகன்றால் வேகம் செத்து, கிளம்பும்போது இழுவை போய்விடும். 1500 சிசிக்கு ஒன்றரை அங்குலத்தை ஒட்டியிருந்தால் போதும்.

கலெக்டரே இல்லாத ஹெட்டரும் உண்டு. அமெரிக்காவின் டாப் ஃப்யூயல் கார்களில் எட்டு குட்டைக் குழாய்கள் மேலும் பின்னுமாகச் சாய்ந்து நிற்கும். 10,000 குதிரைத்திறனைத் தாண்டிய என்ஜின். நைட்ரோமீத்தேன் குடிப்பதால் குழாய் வாயில் தீ நிற்கும். பாய்கிற புகை காரைத் தரையோடு அழுத்துகிறது, நானூறு கிலோ பாரம் ஏற்றி வைத்த மாதிரி! ஒரு சிலிண்டர் அணைந்தால் அந்தப் பக்கம் அழுத்தம் குறைந்து கார் ஒரு பக்கமாகப் போகும். 2008ல் ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்த பிறகு அந்தக் கார்களுக்குத் தூரத்தை 305 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள்.

நம் பையன்கள் காப்பியடிப்பது அந்தக் கார்களின் சத்தத்தை மட்டும். சைலன்சரை அறுத்துவிட்டு ராத்திரியில் கடற்கரையோர லூப் ரோட்டில் முறுக்குகிறார்கள். விடிவதற்குள் கடலுக்குப் போக வேண்டியவர்கள் பக்கத்துச் சீனிவாசபுரத்தில் தூங்கும் நேரம் அது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பாயும் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்களை மட்டும் திட்டவும் எனக்கு மனசில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால சோழவரம் ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்த ஊர் சென்னை. 1953லேயே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கிய ஊர். இருங்காட்டுக்கோட்டையில் தேசிய அளவு பைக் டிராக் போட்டிகூட நடக்கிறது. 2024ல் தீவுத்திடலைச் சுற்றி விளக்குப் போட்டு ஃபார்முலா 4 ஓட்ட முடிந்தவர்கள், மாதத்தில் ஒரு ஞாயிறாவது நேரான ஒரு பாதையை, ஆம்புலன்ஸோடு, சாதாரணப் பையன்களுக்கு மலிவாகத் திறந்துவிடலாம்.

ஹெட்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வளைவில் குழாய் நசுங்கியிருக்கக் கூடாது. விரலால் தடவினாலே தெரியும். கடற்கரைக்காரருக்கு மைல்டு ஸ்டீல் வேண்டாம், உப்புக் காற்று சீக்கிரம் தின்றுவிடும். அதன் மேல் சூடு தாங்கும் துணி சுற்றினால் ஈரம் தங்கி இன்னும் சீக்கிரம் துருவேறும். 304 ஸ்டெயின்லெஸ், ஆர்கான் வெல்டிங் என்று கேளுங்கள். வெல்டிங் உள்பக்கம் பிதுங்கி நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபிளாஞ்ச் தடிமனாக இருக்கட்டும். மெலிந்தது சூட்டில் கோணிக்கொண்டு கேஸ்கெட்டை ஊதிவிடும். அந்தக் கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே போனால் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்துபோய், கலவையில் பெட்ரோல் குறைச்சல் என்று என்ஜினின் கணினியான ஈசியூவிடம் சொல்லும். அது இன்னும் பெட்ரோலை ஊற்றும், பிளக் கரியாகிவிடும். மெக்கானிக் அப்போதும் பிளக்கைத்தான் மாற்றுவார்.