மாடியில் அடுப்பு, பாதாளத்தில் பந்தி

"ஆவுளியா தின்பது கடற்பாசியைத்தானே?" என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் தமிழக அரசு ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவித்தது. அன்றிலிருந்து விலங்கின் படம் எங்கும் வருகிறது. அதன் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சில்லை. பாசி இல்லை ஐயா, கடல்தாழை, அதாவது கடற்புல். நெல்லைப் போல ஒருவித்திலைத் தாவரம். தண்ணீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும்.

தின்பதும் தின்னப்படுவதும் கரையிலிருந்து கடலுக்குக் குடிபெயர்ந்தவை. யானைக்குத் தூரத்து உறவான ஆவுளியாவின் முன்னோர் நீரில் இறங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தாழை அதற்கும் மூத்த குடி. மாலுமிகள் ஆவுளியாவைக் கடற்கன்னி என்று மயங்கிய கதையைச் சொல்லாவிட்டால் சிலர் கோபிப்பார்கள், சொல்லியாயிற்று.

எனக்குப் பிடித்தது மூச்சு விஷயம். ஆவுளியா பழைய வழக்கத்தை விடவில்லை. சில நிமிடங்களுக்கொருமுறை மேலே வந்து காற்றெடுத்து, மூக்கை மூடிக்கொண்டு இறங்குகிறது. தாழையோ இலைத்துளைகளையே தொலைத்துவிட்டது. 2016இல் ஒரு கடற்புல்லின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, துளை உண்டாக்கும் மரபணுக்களே அதில் காணோம். வேரோ ஆக்சிஜன் இல்லாத கருஞ்சேற்றில் கிடக்கிறது. எப்படிப் பிழைக்கிறது?

இலையைக் குறுக்கே நறுக்கி உருப்பெருக்கியில் பாருங்கள். தேனடை போலக் காற்றறைகள். மாடியில் அடுப்பு, பாதாளத்தில் பந்தி: பகலில் இலை வெயிலைக் கொண்டு ஆக்சிஜன் சமைக்கிறது, அது அந்தக் காற்றுக்குழாய்ப் படிக்கட்டில் இறங்கி வேருக்குப் போகிறது. வேர் நுனியில் கசியும் மிச்சம், வாசலில் தெளித்த மஞ்சள்நீராகச் சேற்றின் நஞ்சை எட்ட நிறுத்துகிறது. பொழுது சாய்ந்தால் அடுப்பு அணையும். பிறகு அக்கம்பக்கத்துக் கடன்தான், அதாவது சுற்றியுள்ள நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். அங்கும் கை விரித்தால், கூமுட்டை நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேர்வழியே படியேறி வந்து குருத்தையே கருக்கிவிடும். உவமை இதற்கு மேல் தாங்காது.

'கார்பனை விழுங்கி உலகைக் காக்கும் புல்' என்று விளம்பரம் வேறு. கார்பன் சேருவது உண்மைதான்; முதலில் புல் தன் வேரைக் காத்துக்கொள்ளட்டும். இழுவைமடி கிளறிய சேற்றில் வெயில் மங்கினால் பகலிலேயே அடுப்பு அணைந்துபோகும். அந்தக் கலங்கலிலும் ஆவுளியா மேலே வந்து மூச்சு விட்டுக்கொள்ளும். ஆனால் நாளொன்றுக்கு 30, 40 கிலோ தாழைக்கு எங்கே போகும்?

வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டாயிற்று. அதற்குள் வெயில் தரைவரை இறங்குகிறதா என்று யாராவது படகிலிருந்து குனிந்து பார்த்தால் தேவலை.